பேயே சிரிக்க வைத்தால் யார் பயப்படுவது?

பாளைக்காரன்:
நகைச்சுவையைச் சேர்த்துச் சேர்த்தே தமிழில் பேய்ப் படத்தைக் கொன்றுவிட்டார்கள். 2007-இல் ‘முனி’ வந்தபோது புதிதாகத்தான் இருந்தது. 2011-இல் ‘காஞ்சனா’ ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு ஆளாளுக்கு ஒரு பங்களாவைத் தேடிப் பிடித்தார்கள். 2014-இல் தொடங்கிய ‘அரண்மனை’ 2024-இல் நான்காம் பாகத்துக்கு வந்துவிட்டது. பேய்க்கு வரிசை எண் கொடுத்த பிறகு யார் பயப்படுவார்?

அம்பை வாசகி:
அண்ணாச்சி, சுடலை மாடன் கோயில் கொடைவிழாவில் ஓர் இரவாவது உட்கார்ந்திருக்கிறீர்களா? கணியான் கூத்தில் பெண் வேடமிட்ட ஆண்கள் சலங்கை குலுங்க ஆடிக்கொண்டே முன்வரிசைப் பெரியவர்களைச் சீண்டுவார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நள்ளிரவில் மகுடம் என்ற தோல்வாத்தியத்தின் அடி மாறும். சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்பினால், சற்று முன் சிரித்தவர்களே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வழிவிடுவார்கள். இரண்டும் ஒரே பந்தலில் நடக்கிற ஊரில் இருந்துகொண்டு சினிமாவில் மட்டும் கூடாது என்றால் எப்படி?

பாளைக்காரன்:
நீங்கள் சொன்னதே எனக்குச் சாட்சி. சிரிக்க வைத்தவர்கள் வேறு, சாமியாடி வேறு. அவர் பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. ‘சந்திரமுகி’யில் (2005) வடிவேலு நடுங்குவார், நாம் சிரிப்போம், ஜோதிகாவின் கண்ணில் விளையாட்டே இருக்காது. அதனால்தான் அந்தப் படத்தில் சிரிப்பும் நின்றது, பயமும் நின்றது. இப்போது பேயே ஜோக் அடிக்கிறது!

வள்ளியூர் ரசிகன்:
‘காஞ்சனா’வில் இரண்டும் ஒரே உடம்புதானே? இருட்டினால் அம்மா கோவை சரளாவின் இடுப்பில் தாவி ஏறும் அதே லாரன்ஸ்தான் பேய் புகுந்ததும் புடவை கட்டி, வளையல் போட்டு மிரட்டுகிறார். தியேட்டர் சிரித்தது, பயந்தது. உங்கள் சட்டம் அங்கே செல்லவில்லையே.

அம்பை வாசகி:
உங்கள் பக்கம்தான் பேசினேன், ஆனாலும் அந்த இடம் எனக்கு நெருடுகிறது. ஒரு திருநங்கையின் நடையையும் கையசைவையும் முதலில் சிரிப்புக்கு விட்டுவிட்டு, அவள் கதை தெரிந்ததும் நம்மை அழச் சொல்கிறது படம். அந்த வேடத்தில் சரத்குமார் நன்றாகவே நடித்தார், அது வேறு.

வள்ளியூர் ரசிகன்:
அது சரியான அடி. பகடிக்கு வருவோம். ‘தமிழ்ப்படம்’ (2010) ஆண் குழந்தைகளைக் கொல்லும் கிராமத்தில் தொடங்குகிறது. பெண் சிசுக்கொலையைச் சொன்ன ‘கருத்தம்மா’ (1994) பார்த்தவருக்குத்தான் அது உறைக்கும். ஹாலிவுட் இயக்குநர் மெல் புரூக்ஸ் 1974-இல் ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ எடுத்தபோது, தான் கேலி செய்த 1931-இன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் ஆய்வுக்கூடக் கருவிகளையே வரவழைத்து, கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். கேலி செய்யப்போகிற படத்தை அவ்வளவு கரைத்துக் குடித்திருந்தார். நம்மவர்கள் ஒரு வெள்ளைப் புடவையோடு முடித்துவிடுகிறார்கள்.

பாளைக்காரன்:
கேலி செய்வதற்காவது நாலு உருப்படியான பேய்ப் படம் நம்மிடம் வேண்டாமா?

அம்பை வாசகி:
‘பிசாசு’ (2014), ‘மாயா’ (2015) இரண்டும் கணக்கில் இல்லையா, அண்ணாச்சி?

பாளைக்காரன்:
‘பிசாசு’ நல்ல படம். ஆனால் அந்தப் பேய் கதாநாயகனைக் காவல் காக்கிறது. எனக்குப் பயத்தைவிட இரக்கம்தான் வந்தது. ‘மாயா’வை ஒப்புக்கொள்கிறேன். அதை எவராவது துணிந்து பகடி செய்தால் முதல் நாள் டிக்கெட் எனக்கும் சேர்த்து எடுங்கள்.