எதிர்பார்க்கும் சம்பளம்னு கேட்டா என்ன போட?

பாளையங்கோட்டைக்காரன்: அண்ணாச்சிமாரே, கங்கைகொண்டான்ல ஒரு கம்பெனிக்கு அப்ளை பண்ணுதேன், ஃபாரத்துல எதிர்பார்க்கும் சம்பளம்னு ஒரு கட்டம், அத நிரப்பாம அடுத்த பக்கமே போவ மாட்டேங்கு. இப்ப கைக்கு 22,000 வருது. கூடப் போட்டா கூப்பிட மாட்டாவளோன்னு பயமா இருக்கு.

ஜங்ஷன் அண்ணாச்சி: தம்பி, கைக்கு வாரத போட்டுராதிய, அவங்க கேக்கது பெரும்பாலும் சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காவ செலவழிக்குத மொத்தத் தொகை. பேசிக்ல, அதாவது அடிப்படைச் சம்பளத்துல, 12 சதவீதம் உங்க பிஎஃப்க்கு (வருங்கால வைப்பு நிதி) போவும், கம்பெனி போடுத பிஎஃப்பையும் கிராஜுட்டிங்குத பணிக்கொடையையும் நிறைய இடத்துல சிடிசிக்குள்ளயே சேத்துருவாவ. நான் முதல் வேலைல இது தெரியாம 25,000னு சொல்லிட்டு, சம்பளச் சீட்ட பாத்து அப்படியே உக்காந்துட்டேன்.

தச்சநல்லூர் அக்கா: வருசத்துக்கா மாசத்துக்கான்னு பாத்துக்கோ தம்பி. சொந்த ஊர், வாடகை மிச்சம்னு கொறச்சுக் கேக்காத, சென்னைல பாத்தாலும் அதே வேலைதான.

பாளையங்கோட்டைக்காரன்: வருசத்துக்குத்தான் கேட்டிருக்குக்கா, நான் மாசக் கணக்கு போட்டு வச்சிருந்தேன். இப்பவே திருத்துதேன்.