சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் போர்டு டிசைன்: சிமுலேட்டர் எது, காசு கொடுக்கணுமா?

கப்பலூர்_பேனல்
போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைக்கிற சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் போர்டு, அதாவது மூணு ஃபேஸில் ஒண்ணு போனா மோட்டாரை நிறுத்துற போர்டு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. எக்ஸ்2 கெப்பாசிட்டர் (மெயின் லைனில் நேரா போடுற வகை) வழியா 12 வோல்ட் எடுத்து ஒரு சின்ன பிக் மைக்ரோகன்ட்ரோலரும் ஒரு 12 வோல்ட் ரிலேயும் ஓடணும். பெட்டிக்கு நியூட்ரல் வருது. உசிலம்பட்டி, மேலூர் பக்கத் தோட்டத்து லைனுக்கு ஃபேஸ் 160-இலிருந்து 270 வரை தாங்கணும். செய்யுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கணும். பட்ஜெட் 15,000 ரூபாய். புரோட்டியஸ் சிமுலேட்டர் 'ஃபுல் வெர்ஷன்' பென்டிரைவில் 300 ரூபாய்க்குக் கிடைக்குதுங்கிறாங்க. எதை எடுக்கலாம்?

ஓம்விதி
15,000-ஐத் தொடாதீங்கண்ணே. எல்டிஸ்பைஸ் சிமுலேட்டர் போதும். 1999-இல் லீனியர் டெக்னாலஜி வெளியிட்டது, 2017-இல் அந்தக் கம்பெனி அனலாக் டிவைசஸ் கைக்குப் போன பிறகும் இலவசம்தான். நோடு (சர்க்யூட்டில் கம்பிகள் சேருற புள்ளி) எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை.

முதல்ல பேப்பர் கணக்கு. 0.47 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 என்றால் 50 ஹெர்ட்ஸில் சுமார் 6,770 ஓம். 230 வோல்ட்டில் 34 மில்லிஆம்பியர், ஏசியை டிசி ஆக்குற டயோடு பிரிட்ஜுக்கு அப்புறம் சராசரி 30. சின்ன ரிலே காயில் 400 ஓம். அதுவே 30-ஐக் குடிச்சிரும், பிக்குக்கு மிச்சமில்லை. 1 மைக்ரோ போட்டால் 230-இல் 72, 160-இல் 50, சராசரிக்கு 45. ஓடும். ஆனா 270-இல் ரிலே ஆஃபில் இருக்கும்போது சராசரி 76 மில்லிஆம்பியர் கிட்டத்தட்ட முழுசா, 12 வோல்ட்டுக்கு மேல ஏறாம பிடிக்கிற ஜீனர் டயோடு தலையில் விழும். 0.9 வாட். 1என்4742 ஒரு வாட் ஜீனர், மூடின பெட்டி, சித்திரை வெயில். அது எத்தனை நாள் நிக்கும்னு நீங்களே யோசிங்க.

சால்டர்மணி
எல்லாத்தையும் பேப்பரிலேயே போட்டு முடிச்சாச்சே. அப்புறம் எதுக்கு சிமுலேட்டர்?

அந்தக் காசுக்குப் பழைய டிஜிட்டல் ஸ்கோப் ஒண்ணு, வோல்டேஜைத் திருகி ஏத்தி இறக்குற வேரியாக் ஒண்ணு வாங்குங்க. பொது போர்டில் பத்தவைச்சு, 160-இலிருந்து 270 வரைக்கும் திருகிப் பாருங்க. உண்மையான ஜீனர் உண்மையா சுடும்.

ஓம்விதி
மணி அண்ணே, இது ஐசொலேஷன் இல்லாத, அதாவது மெயின் லைனோடு நேரா இணைஞ்ச சர்க்யூட். பிரிட்ஜுக்கு அப்புறம் இருக்கிற டிசியோட மைனஸ் முனை, மெயின் லைனோடு சேர்ந்து ஆடும். ஸ்கோப் புரோபோட எர்த் கிளிப்பை அதில் மாட்டினா பிரிட்ஜ் டயோடு வழியா லைன் நேரா எர்த்துக்கு. ஸ்கோப்பும் போகும், புரோபும் போகும். புதுசா ஸ்கோப் வாங்குற ஆளுக்கு முதல் நாளே இந்த போர்டா?

பேப்பர் சொல்லாத விஷயங்கள் இருக்கு. முதலாவது, சுவிட்ச் போடுற நேரத்து சர்ஜ், அதாவது சட்டுனு பாயுற பெரிய கரண்ட். லைன் உச்சியில் 325 வோல்ட் இருக்கும்போது போட்டா, 100 ஓம் சீரிஸ் ரெசிஸ்டரில் 3.25 ஆம்பியர் பாயும். எல்டிஸ்பைஸில் இதைப் பார்க்க சைன் சோர்ஸுக்கு ஃபேஸ் 90 கொடுக்கணும். அதோடு 'யுஐசி' (ஆரம்ப டிசி கணக்கைத் தவிர்க்கச் சொல்ற சொல்) சேர்க்கலேன்னா ஆரம்ப டிசி கணக்கிலேயே எக்ஸ்2 கெப்பாசிட்டர் 325 வரை ஏறி நின்னுரும், படத்தில் சர்ஜே வராது. 'சர்ஜ் இல்லை'ன்னு நம்பி கால் வாட் கார்பன் ரெசிஸ்டர் போட்டா முதல் வாரத்திலேயே கருகும். 100 ஓம், 2 வாட், ஃபியூசிபிள் போடுங்க.

ரெண்டாவது, எக்ஸ்2-வோட வயசு. வருஷம் ஆக ஆக இந்தக் கெப்பாசிட்டர் மதிப்பு இறங்கும். ஒரே சர்க்யூட்டைப் பல மதிப்புகளில் ஓட்டுற '.ஸ்டெப்' கட்டளையில் 1, 0.8, 0.6 மைக்ரோன்னு மூணு மதிப்பு கொடுத்து 160 வோல்ட்டில் ஓட்டுங்க. 0.6-இல் சராசரி 27 தான் கிடைக்கும். பிக், எல்இடி ரெண்டுக்கும் 10 போனா மிச்சம் 17. 12 வோல்ட் ரிலே இழுக்க 9 வோல்ட், அதாவது 22 மில்லிஆம்பியர் வேணும். இழுக்காது. புதுசா வாங்கின கெப்பாசிட்டரை மேசையில் வைச்சு வேரியாக் திருகினா இது தெரியவே தெரியாது.

அப்படியே ஒண்ணு: 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 வேணாம். 270 லைனுக்கு அது விளிம்பில் நிக்குது. 305 அல்லது 310 பார்த்து வாங்குங்க.

கைகேட்_பக்தன்
கணக்கில் தகராறு இல்லை. எல்டிஸ்பைஸில்தான் தகராறு. அதில் வரைஞ்சதை பிசிபிக்காக (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) இன்னொரு தடவை போர்டு டிசைன் சாஃப்ட்வேரான கைகேடில் வரையணும். ரெண்டு தடவை வரைஞ்சா ரெண்டுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் மதிப்பு மாறிடும். மாறினது போர்டு வந்த பிறகுதான் கண்ணில் படும். கைகேடுக்குள்ளேயே 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து என்ஜிஸ்பைஸ் சிமுலேட்டர் இருக்கு. ஒரே ஸ்கீமேட்டிக், அதிலேயே சிமுலேஷன், அதிலேயே போர்டு. லினக்ஸிலும் அப்படியே ஓடும்.

வெளி மாடல் (ஒரு பாகம் எப்படி நடந்துக்கும்னு சிமுலேட்டருக்குச் சொல்ற ஃபைல்) சேர்க்கிறப்போ ரெண்டு இடத்தில் எல்லாரும் மாட்டுவாங்க. சிம்பலோட கால் எண்ணும் மாடலோட கால் வரிசையும் ஒண்ணா இருக்காது. சிமுலேஷன் மாடல் ஜன்னலில் ஒவ்வொரு காலையும் கையால் பொருத்தணும். அடுத்தது, கம்பெனித் தளத்தில் கிடைக்கிற மாடல் பெரும்பாலும் பிஸ்பைஸ்ங்கிற இன்னொரு சிமுலேட்டரோட நடையில் இருக்கும். சிமுலேட்டர் அமைப்பில் பிஸ்பைஸ், எல்டிஸ்பைஸ் ஒத்திசைவைத் தேர்ந்தெடுக்கலேன்னா முதல் வரியிலேயே பிழை காட்டும்.

ஓம்விதி
பூட்டு போட்ட மாடல் வந்தா? எல்டிஸ்பைஸுக்குன்னு என்கிரிப்ட் செஞ்சது உங்க என்ஜிஸ்பைஸில் திறக்காது.

கைகேட்_பக்தன்
இந்த போர்டில் பூட்டு போட்ட ஐசி எது, சொல்லுங்க? ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், 1என்4007, ஜீனர், டிரான்சிஸ்டர். பக் கன்வர்ட்டர் செய்யுற ஆளுக்கு நீங்க சொல்றது சரி. இவருக்கு இல்லை.

ஓம்விதி
அதை ஒத்துக்கிறேன். ஆனா அலை பார்க்கிற இடத்தில் எல்டிஸ்பைஸ்தான் சுலபம். ஆல்ட் அழுத்திக்கிட்டு ஜீனர் மேல கிளிக் செஞ்சா அது தின்கிற வாட் வரைபடமா வரும். அந்த லேபிளைக் கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செஞ்சா சராசரி. முதல் 200 மில்லிசெகண்டை ஒதுக்கிட்டுத்தான் சராசரி பாருங்க. ஃபில்டர் கெப்பாசிட்டர் நிரம்புற நேரம் அது.

வாடிப்பட்டி_8பிட்
ரெண்டு பேரும் பிக்கை மறந்துட்டீங்க. எல்டிஸ்பைஸும் என்ஜிஸ்பைஸும் பிக்குக்குள் ஏத்துற உங்க புரோகிராமை, அதாவது ஹெக்ஸ் ஃபைலை, ஓட்டித் தராது. புரோட்டியஸை எல்லாரும் தேடுறது அதுக்குத்தான்: ஃபர்ம்வேரும் சர்க்யூட்டும் ஒண்ணா ஓடும். அதை மறுக்க முடியாது. அதுக்காக 300 ரூபா பென்டிரைவா? கிராக் ஓடணும்னா ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லுவான். அதே கம்ப்யூட்டரில்தான் டேலியும் ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் இருக்கும்.

சிமுல்ஐடிஇ-ன்னு ஒண்ணு இருக்கு, ஓப்பன் சோர்ஸ். 8 பிட் பிக், ஏவிஆர்ங்கிற இன்னொரு மைக்ரோகன்ட்ரோலர் வகை, ரெண்டுக்கும் ஹெக்ஸ் ஏத்தலாம். டிலே டைமர், ரிலே லாஜிக், எல்இடி எல்லாம் அதில் பார்த்துக்கிடலாம். ஆனா எக்ஸ்2 சப்ளையை அதில் வரையாதீங்க, அனலாக் கணக்கு அவ்வளவு நம்பிக்கையா வராது. அங்கே 5 வோல்ட் பேட்டரி சின்னம் போட்டுட்டு லாஜிக்கை மட்டும் பாருங்க. உங்க பிக் நம்பர் பட்டியலில் இருக்கான்னு முதல்ல பார்த்துக்கிடுங்க, எல்லா நம்பரும் கிடையாது.

சால்டர்மணி
சரி, ரெண்டு சாஃப்ட்வேரில் ரெண்டு பாதியா ஓட்டியாச்சு. இப்போ ஒரு கேள்வி. ஒரு ஃபேஸ் போச்சுன்னு சிமுலேட்டரில் எப்படிக் காட்டுவீங்க? சோர்ஸை 0 ஆக்குவீங்க. ஓடிக்கிட்டிருக்கிற மோட்டாரில் அப்படியா நடக்குது? டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஃபியூஸ் போனதும் மிச்ச ரெண்டு ஃபேஸில் மோட்டார் சுத்திக்கிட்டே இருக்கும், செத்த கால்ல அதுவே வோல்டேஜைத் திருப்பித் தரும். கிட்டத்தட்ட முழு வோல்டேஜ். உங்க போர்டு 'மூணு ஃபேஸும் இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கும், காயில் உள்ள வெந்துக்கிட்டு இருக்கும். படத்தில் பாஸ், கிணத்தில் ஃபெயில்.

ஓம்விதி
இது நல்ல அடி. ஆனா சிமுலேட்டர் மேல இல்லை, தப்பா மாடல் போடுறவன் மேல. மூணு சோர்ஸ், 0, 120, 240 டிகிரி. செத்த ஃபேஸை 0 ஆக்காம வீச்சை 70-இலிருந்து 95 சதவீதம் வரைக்கும் '.ஸ்டெப்' போடுங்க, கோணத்தையும் அஞ்சு பத்து டிகிரி நகர்த்துங்க. எந்த இடத்தில் உங்க சென்சிங் கண்டுபிடிக்கத் தவறுதுன்னு அப்பத்தான் தெரியும். 'இருக்கா, இல்லையா'ன்னு கேட்கிற சர்க்யூட் இங்கே தோத்துரும், மூணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை அளக்கிற சர்க்யூட் நிக்கும். மோட்டாரை வைச்சு இதைச் செஞ்சு பார்க்க எத்தனை காயிலைக் கொளுத்துவீங்க?

சால்டர்மணி
95 சதவீதம்னு சிமுலேட்டரா உங்களுக்குச் சொன்னது? மோட்டார் பக்கத்தில் அளந்தவன் சொன்னாத்தான் நீங்க அந்த எண்ணைப் போட முடியும்.

கப்பலூர்_பேனல்
என்ஜிஸ்பைஸில் ஆரம்பிச்சேன். ரிலே கான்டாக்டை சுவிட்சாப் போட்டு, ஆஃப் ரெசிஸ்டன்ஸ் 100எம்னு கொடுத்தேன். எப்பவும் ஆனில்தான் இருக்கு. அதை எடுத்துட்டு ஓட்டினா 'சிங்குலர் மேட்ரிக்ஸ்'ங்குது.

கைகேட்_பக்தன்
ஸ்பைஸில் எம் என்றால் மில்லி, பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும். நீங்க கொடுத்தது 0.1 ஓம். மெகாவுக்கு 'மெக்'னு முழுசா அடிக்கணும். கெப்பாசிட்டர் எண்ணுக்குப் பின்னாடி வெறும் எஃப் மட்டும் போட்டாலும் இதே கூத்துதான், ஃபெம்டோ ஆயிரும்.

ரிலேயோட இழுப்பு 9 வோல்ட், விடுப்பு 1.2-ன்னு வைச்சா சுவிட்ச் மாடலில் விடி (நடு வோல்டேஜ்) 5.1, விஹெச் (அதுக்கு மேலயும் கீழயும் உள்ள இடைவெளி) 3.9.

சிங்குலர் மேட்ரிக்ஸ் வந்தா ஏதோ ஒரு நோடு கிரவுண்டுக்கு டிசி வழி இல்லாம தொங்குது. கான்டாக்டை எடுத்ததில் அதன் மறுபக்கம் தனியா நின்னிருக்கும். டிசி மைனஸில் ஒரே ஒரு கிரவுண்டு போதும். நியூட்ரலிலும் இன்னொண்ணு போட்டுராதீங்க, பிரிட்ஜின் ஒரு டயோடு ஷார்ட் ஆகி அலை முழுக்கப் பொய்யா வரும்.

கப்பலூர்_பேனல்
வந்துருச்சு. 270-இல் ஜீனர் 0.9 வாட் காட்டுது. 5 வாட் ஜீனருக்கு மாத்தறேன். மணி அண்ணே, ஸ்கோப்பும் வாங்கத்தான் போறேன். ஐசொலேஷனுக்கு என்ன செய்யலாம்?

சால்டர்மணி
230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், 100 விஏ போதும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் கேட்டுப் பாருங்க, இல்லேன்னா சுத்துற ஆளிடம் சொல்லிச் சுத்திக்கிடலாம். சுத்தச் சொல்லும்போது 270 தாங்கணும்னு சொல்லிருங்க. 230/24 டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டை 24 பக்கம் சேர்த்துக் கட்டியும் சமாளிப்பாங்க; வெளியே கொஞ்சம் குறைஞ்சு வரும், 160 சோதனைக்குப் பரவாயில்லை. 270-க்கு அது ஆகாது, கோர் நிரம்பிச் சூடேறும். வேரியாக் முன்னாடி, டிரான்ஸ்ஃபார்மர் பின்னாடி. வேரியாக் மட்டும் இருந்தா ஐசொலேஷன் கிடையாது, அதை நம்பிக் கிளிப்பை மாட்டிராதீங்க.