உதவி: தைப்பூசப் படங்கள் தேடல்ல வரவே மாட்டேங்குது, கீவேர்டு தப்பா?

ஜெலுத்தோங்_பையன் · ஞாயிறு, இரவு 11.48
வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் அவசரம். ஸ்டாக் தளத்துல (படம் விக்கிற தளம்) போட்ட படம் எதுவுமே தேடுனா வர மாட்டேங்குது. மூணு மாசம் ஆச்சு. கீவேர்டு எல்லாம் ஒழுங்காத்தான் போட்டேன், ஒரு படத்துக்கு 46. படமும் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் தீபாவளிப் படம் 80 ஏத்தணும், அதுக்குள்ள என்னான்னு தெரிஞ்சாகணும். யாராச்சும் சொல்லுங்க.

பட்டர்வொர்த்_படகு · ஞாயிறு, இரவு 11.57
தம்பி, எந்தத் தளம்? மொத்தம் எத்தன படம்? தைப்பூசத்துல எதப் பத்தின படம்? ஒண்ணுமே சொல்லலையே.

ஆனா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது ஏத்துற முறைதான். ஒரே நாள்ல அள்ளிக் கொட்டிட்டு மூணு மாசம் சும்மா இருந்தா தளம் உங்கள மறந்துடும். வாரத்துக்கு பத்து, பத்துன்னு ஏத்துங்க. நான் அப்படித்தான் செய்றேன், ஓடுது.

செந்தூல்_ரயில் · திங்கள், காலை 12.20
கீவேர்டும் இல்ல ஒண்ணும் இல்ல பிரதர். ஏஐ படம்தான் காரணம். 2022 டிசம்பர்ல அடோபி ஸ்டாக் அத ஏத்துக்க ஆரம்பிச்சதுலருந்து எந்த வார்த்தையத் தட்டுனாலும் முதல் பக்கம் பூரா அதுதான். வடிகட்டியில ஏஐ படத்த எடுத்துட்டு ஒருக்கா தேடிப் பாருங்க லா.

ஜெலுத்தோங்_பையன் · திங்கள், காலை 7.05
பினாங்கு தைப்பூசம் படம். தண்ணீர்மலைக் கோயில், வெள்ளி ரதம், தேங்கா உடைக்கிறது எல்லாம். 214 இருக்கு. மே மாசம் ஏத்துனேன். ஏஐ எடுத்துட்டுப் பாத்தேன், அப்பவும் வரல. வேலைக்குக் கிளம்பிட்டேன், அப்புறம் வரேன்.

ஐம்பது_எம்எம் · திங்கள், காலை 9.31
இதே கேள்விக்கு இங்க எத்தன தடவ பதில் எழுதிட்டேன். பழச வாசிச்சுட்டுக் கேட்டா நல்லது. 2009-லருந்து ஸ்டாக்ல இருக்கேன், அதனால சொல்றேன்.

"படம் நல்லாத்தான் இருக்கு"ன்னு எடுத்தவரே சொல்லக்கூடாது. 214 படத்துல ஒண்ணுக்கொண்ணு எத்தன வித்தியாசம்? ரதத்த நாப்பது கோணத்துல எடுத்து நாப்பதையும் ஏத்துனா, அந்த நாப்பதும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். வாங்குறவங்க சொடுக்குறது பிரிஞ்சு போயிடும், எதுவுமே மேல வராது. நாலு வச்சுக்கிட்டு மிச்சத்த எடுத்துடுங்க. இன்னொண்ணு, ஆகஸ்ட் மாசத்துல தைப்பூசம் யார் தேடுவா? வாங்குறவங்க விழாவுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடிதான் தேட ஆரம்பிப்பாங்க.

கிள்ளான்_அக்கா · திங்கள், மதியம் 1.12
தம்பி, யார் சொல்றதையும் இப்போதைக்கு எடுத்துக்காதீங்க. படத்த அழிச்சுடாதீங்க. முதல்ல ஒரு சோதனை பண்ணுங்க.

தளத்துலருந்து வெளிய வந்துட்டு, மறைவு ஜன்னல்ல (இன்காக்னிட்டோ) திறந்து, உங்க படத்தோட எண்ணத் தேடுபெட்டியில தட்டுங்க. வந்துச்சுன்னா படம் பட்டியல்ல இருக்குன்னு அர்த்தம். அடுத்து "தைப்பூசம்"னு இங்கிலீஷ்ல தட்டி, புதுசு முதல்ல வர்ற மாதிரி வரிசை மாத்திப் பாருங்க. அதுலயும் வந்து, பொருத்தம் பாத்து அடுக்குற வரிசையில மட்டும் வரலன்னா, படம் காணாம போகல, அடியில கிடக்கு. ரெண்டும் வேற வேற நோய், வேற வேற மருந்து.

அப்புறம் ஒரே ஒரு படத்தோட தலைப்பையும் 46 கீவேர்டையும் தளத்துல எந்த வரிசையில இருக்கோ அதே வரிசையில இங்க போடுங்க. நீங்க எழுதி வச்ச வரிசை வேணாம், தளத்துல இப்ப இருக்குற வரிசை.

ஐம்பது_எம்எம் · திங்கள், மதியம் 1.40
வரிசை எல்லாம் கட்டுக்கதை. நான் படம் போடுற இடத்துல எந்த வார்த்த முதல்ல இருக்கு, எது கடைசின்னு யாரும் பாக்குறது இல்ல.

கிள்ளான்_அக்கா · திங்கள், மதியம் 2.03
அண்ணே, நீங்க போடுற இடத்துல அப்படி. எல்லா இடமும் ஒண்ணு இல்ல. அடோபி ஸ்டாக்ல 49 வரைக்கும் போடலாம், அதுல முதல் பத்துக்குத்தான் எடை அதிகம், அவங்களே படம் குடுக்குறவங்களுக்கான உதவிப் பக்கத்துல சொல்லியிருக்காங்க. அலாமியில 50 டேக் (கீவேர்டுதான்), அதுல பத்த சூப்பர்டேக்னு, அதாவது முக்கியமானதுன்னு, நாமளே குறிச்சுக் குடுக்கணும். ஐஸ்டாக்ல அவங்க அகராதியில இருக்குற வார்த்தையோட நம்ம வார்த்தையப் பொருத்தணும், "ஆரஞ்சு"ன்னா பழமா நிறமான்னு தேர்ந்தெடுக்கணும். ஒரே பட்டியலத் தூக்கி எல்லா எடத்துலயும் போட்டா ஒரு எடத்துலயாவது அடி வாங்கும்.

ஜெலுத்தோங்_பையன் · திங்கள், இரவு 10.16
அக்கா, எண்ண வச்சுத் தேடுனா வருது. புதுசு வரிசையிலயும் வருது. பொருத்த வரிசையில 11 பக்கம் போனேன், இல்ல. எந்தத் தளம்னு உங்களுக்குத் தனியா அனுப்பியிருக்கேன். குத்தம் யார் மேலன்னே தெரியாம பேரு போட வேணாம்னுதான்.

படம் இது: தேங்கா தரையில மோதி வெடிக்கிற நொடி. முகம் யாருதும் இல்ல, முழங்கைக்குக் கீழ மட்டும், மஞ்சத் துணி, தண்ணி தெறிக்குது, கீழ ஏற்கெனவே உடைஞ்ச ஓடு குவிஞ்சு கிடக்கு. தலைப்பு: "பினாங்கு தைப்பூசம்". இங்கிலீஷ்லதான் போட்டிருக்கேன்.

கீவேர்டு (இங்கிலீஷ்தான், இங்க தமிழ்ல அடிக்கிறேன்): அடல்ட், ஏசியா, ஏசியன், பேக்ரவுண்ட், பியூட்டிஃபுல், பிலீஃப், பிளாக், புளூ, செலப்ரேஷன், செரிமனி, சேரியட், சிட்டி, கோகனட், கலர்ஃபுல், க்ரௌட், கல்ச்சர், டெவோட்டீ... நடுவுல நிறைய இருக்கு, ஹிந்து, இந்தியா, மலேசியா, முருகன் எல்லாம்... கடைசியில தைப்பூசம், டிரெடிஷன், டிராவல், வாட்டர்ஃபால், வொர்ஷிப், யெல்லோ.

கிள்ளான்_அக்கா · திங்கள், இரவு 10.41
தம்பி, இந்தப் பட்டியல இன்னொரு தடவ வாசிங்க. ஏ-ல ஆரம்பிச்சு வொய்-ல முடியுது.

நீங்க எழுதுனப்போ இப்படித்தான் எழுதுனீங்களா? இல்ல தேங்கா, தைப்பூசம்னு ஆரம்பிச்சீங்களா?

ஜெலுத்தோங்_பையன் · திங்கள், இரவு 10.52
தைப்பூசம், கோகனட், பினாங்கு, ஸ்மாஷ்னுதான் எழுதுனேன். படத்த அடுக்கி வைக்கிற மென்பொருள்ல போட்டு எக்ஸ்போர்ட் பண்ணேன். தளத்துல திறந்து பாக்கல. அதுவா எடுத்துக்கிச்சுன்னு விட்டுட்டேன்.

கிள்ளான்_அக்கா · திங்கள், இரவு 11.20
அதான். படத்துக்குள்ள எழுதி அனுப்புற கீவேர்ட (ஐபிடிசி தகவல்னு சொல்றது) சில மென்பொருள் அகர வரிசையில அடுக்கித்தான் வெளிய அனுப்பும். தளம் அத அப்படியே வாங்கிக்கும். வரிசைய மதிக்கிற தளமா இருந்தா, உங்க படத்துக்கு முதல் பத்து என்ன? அடல்ட், ஏசியா, பேக்ரவுண்ட், பியூட்டிஃபுல், பிளாக், புளூ. தேங்கா உடைக்கிற படம் "நீலப் பின்னணி"ய தேடுறவன் முன்னாடி நின்னுக்கிட்டு இருக்கு. அவன் சொடுக்குவானா? சொடுக்க மாட்டான். யாரும் சொடுக்காத படம் இன்னும் கீழ போகும். தைப்பூசம்ன்ற வார்த்த கடைசி ஆறுல இருக்கு. "டி"ல ஆரம்பிக்கிற பேரு நம்ம பண்டிகைக்கு, என்ன செய்றது.

தளத்துல உள்ள போயி கையால இழுத்து வரிசைய மாத்துங்க. முதல் மூணு: தைப்பூசம், கோகனட், பினாங்கு. அப்புறம் ஸ்மாஷிங், ரிச்சுவல், ஹேண்ட், ஸ்ப்ளாஷ், ஹிந்து, முருகன், மலேசியா. கண்ணுக்குத் தெரியுறது முன்னாடி, கருத்து பின்னாடி. பியூட்டிஃபுல், பேக்ரவுண்டு ரெண்டையும் தூக்குங்க. கை மட்டும் இருக்குற படத்துக்கு சேரியட்டும் வேணாம், க்ரௌடும் வேணாம்.

தலைப்பையும் மாத்துங்க. "பினாங்கு தைப்பூசம்"னா 214 படத்துக்கும் அதேதான். "தைப்பூச ரத ஊர்வலத்துக்கு முன் சாலையில் தேங்காய் உடைக்கும் கை"ன்னு என்ன நடக்குதோ அதச் சொல்லுங்க.

முக்கியமா ஒண்ணு. வாட்டர்ஃபால எடுங்க. தண்ணீர்மலைக் கோயில இங்கிலீஷ்ல வாட்டர்ஃபால் கோயில்னு சொல்றது நமக்குத் தெரியும், அந்த ரோட்டுக்கும் அதே பேருதான். ஆனா தனியா அந்த வார்த்தையத் தட்டுறவன் அருவியத் தேடி வர்றான். அவனுக்கு உங்க தேங்கா வேணாம்.

ஐம்பது_எம்எம் · செவ்வாய், காலை 8.47
அகர வரிசை விஷயம் சரி, ஒத்துக்குறேன். ஆனா ஒரே மாதிரி படம் அதிகம்ன்றதையும் விட்டுடாதீங்க, அதுவும் நிஜம். வரிசை மாத்துறதுக்கு முன்னாடி 214-ஐ 60 ஆக்குங்க, இழுக்குற வேலையும் குறையும்.

கோலமாவு · செவ்வாய், காலை 10.05
எல்லாரும் வரிசையப் பத்தியே பேசுறீங்க. அந்தப் பட்டியல்ல "இந்தியா"ன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு? பினாங்கு ரோட்டுல உடைச்ச தேங்காய்க்கு இந்தியா எப்படி வரும்?

செந்தூல்_ரயில் · செவ்வாய், காலை 10.30
அக்கா, லண்டன்ல உக்காந்து பத்திரிகைக்குப் படம் தேடுறவருக்கு மலேசியாவுல தமிழன் இருக்குறதே தெரியாது. அவரு இந்தியான்னுதான் தட்டுவாரு. வராத வார்த்தைய வச்சுக்கிட்டு என்ன பண்றது? தீபாவளிக்கும் இதேதான். நாம "தீபாவளி"ன்னு எழுத்துக்கு எழுத்து போட்டா எவன் தேடுவான், "திவாலி"ன்னு போட்டாத்தான் காசு. கோலத்துக்கு ரங்கோலி போடணும். நான் போடுறேன், விக்குது.

கோலமாவு · செவ்வாய், காலை 11.18
விக்குதுன்னு ஊரையே மாத்துவீங்களா? போன வருஷம் கேஎல்ல ஒரு மால்ல கலர் அரிசியில கோலம் போட்டாங்க, அஞ்சு பேர் ராத்திரி பூரா குனிஞ்சு போட்டது. பக்கத்துல போனா ஒவ்வொரு அரிசியா தெரியும், பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல ரெண்டு நிறமும் கலந்து ஒரு விரல் அகலத்துக்கு ஓடுது. மாவுல அப்படி வராது. அத எடுத்து அலாமியில கோலம், தீபாவளி, மலேசியான்னு மட்டும் போட்டேன். எந்த வார்த்தையத் தட்டி வந்தாங்கன்னு காட்டுற மெஷர்ஸ் பக்கத்துல பாத்தேன், "தீபாவளி மலேசியா"ன்னு தட்டித்தான் வந்து பாத்திருக்காங்க. நம்ம பேரத் தேடுறவங்க இருக்காங்க. நாமளே அந்தப் பேர எழுதலன்னா அவங்களுக்கு எங்கருந்து கிடைக்கும்?

செந்தூல்_ரயில் · செவ்வாய், காலை 11.26
ஒரு படத்த வச்சு சொல்றீங்க. எனக்கு ரெண்டு பிள்ள, ஸ்கூல் பஸ் காசு கட்டணும். கொள்கைக்குப் படம் எடுக்கல.

கோலமாவு · செவ்வாய், காலை 11.40
எனக்கும் பிள்ளைங்க இருக்கு. அதுங்க நாளைக்குத் தீபாவளின்னு தட்டுனா வட இந்தியா விளக்குப் படம் மட்டும் வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

ஐம்பது_எம்எம் · செவ்வாய், மதியம் 12.15
இந்தியான்னு போடுறது கொள்கை விஷயமே இல்ல, விதி விஷயம். படத்துல இல்லாத எடத்தப் போட்டா தவறான கீவேர்டு. பொருந்தாத வார்த்தைய ஸ்பேம்னு சொல்லிப் படத்தத் திருப்பி அனுப்புவாங்க. பயணக் கட்டுரைக்கு வாங்குறவர் சென்னைன்னு நம்பிப் போட்டுட்டா அசிங்கம் அவருக்கு. இந்தியன் கல்ச்சர்னு போடுங்க, அது உண்மை. இந்தியான்ற நாட்டுப் பேர் வேணாம்.

கிள்ளான்_அக்கா · செவ்வாய், மதியம் 12.50
பேரு வேற, எடம் வேற. தீபாவளியும் திவாலியும் ஒரே பண்டிகைக்கு ரெண்டு பேரு, ரெண்டையும் போடலாம், நம்மது முன்னாடி. மொரிஷியஸ்ல காவடிய இங்கிலீஷ்ல வேற மாதிரி எழுதுவாங்க, பண்டிகையோட பேருலயே காவடி சேர்ந்திருக்கும், அந்த எழுத்தையும் சேருங்க, அது பொய் இல்ல. ரங்கோலி கடைசிப் பத்துல இருக்கட்டும். எடம் மட்டும் எடுத்த எடமா இருக்கணும்.

பட்டர்வொர்த்_படகு · செவ்வாய், மாலை 6.22
தம்பி எங்க போனாரு? வாரத்துக்குப் பத்து ஏத்துங்கன்னு நான் சொன்னதையும் மறந்துடாதீங்க. தீபாவளி 80-ஐயும் ஒரே ராத்திரியில தள்ளாதீங்க.

கிள்ளான்_அக்கா · புதன், காலை 8.15
ஆமா, அந்த 80-ஐ ஏத்துறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ண மட்டும் அனுப்பி, தளத்துல வரிசை எப்படி விழுதுன்னு பாத்துட்டு மிச்சத்த அனுப்புங்க தம்பி.

ஜெலுத்தோங்_பையன் · ஞாயிறு, இரவு 9.33
மன்னிக்கணும், இந்த வாரம் ரெண்டு ஷிப்ட். 31 படத்துக்கு வரிசை மாத்திட்டேன், இந்தியாவ எடுத்துட்டேன், ரதப் படம் 26 அழிச்சேன். தேங்கா படம் "தைப்பூசம் கோகனட்"னு தட்டுனா இப்ப ரெண்டாவது பக்கத்துல வருது. இன்னும் யாரும் வாங்கல. எல்லாருக்கும் நன்றி.

கிள்ளான்_அக்கா · ஞாயிறு, இரவு 9.50
சந்தோஷம் தம்பி. வாட்டர்ஃபால எடுத்தீங்களா?

ஜெலுத்தோங்_பையன் · ஞாயிறு, இரவு 9.58
ஐயோ, இல்லக்கா. இப்ப எடுக்குறேன்.