மொட்டை மாடி வெக்கை: ஃபாயிலைத் தளத்தில் ஒட்டணுமா, இடைவெளி விடணுமா?

உறையூர்_மாடிவீடு

வணக்கம். திருச்சியில் முதல் மாடியில் இருக்கிறோம், எங்களுக்கு மேலே வெறும் மொட்டை மாடிதான். 5 அங்குல ஆர்.சி.சி. தளம், அதற்கு மேல் 2004இல் வீடு கட்டும்போது போட்ட சுர்க்கியும் (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) தட்டோடும். ஓடு பல இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. அம்மாவுக்கு 72 வயது, மேற்கு ஓரத்து அறையில் படுக்கிறார். ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் ஏறி நின்று சீலிங்கைத் தொட்டால் சாயங்காலம் தோசைக்கல்லை இறக்கி வைத்த மாதிரி ஒரு சூடு. ஏ.சி.யை 24இல் வைத்தாலும் விடியற்காலை வரை கம்ப்ரசர் நிற்பதே இல்லை, போன கோடையில் அம்மாவுக்கு இரண்டு முறை தலை சுற்றி விழப் பார்த்தார், அதனால் இந்த முறை ஏதாவது செய்தே ஆகணும்.

இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவர் வெள்ளி நிற ஃபாயில் ஒட்டிய பபுள் ஷீட்டைப் பசை போட்டு சீலிங்கில் நேராக ஒட்டி, அதை ஒட்டினாற்போல ஜிப்சம் போர்டு அடித்துவிடலாம், உயரம் குறையாது என்கிறார். இன்னொருவர் குறைந்தது 2 அங்குலம் இடைவெளி விடணும், இல்லாவிட்டால் காசு வீண் என்கிறார். இருவரும் அடித்துப் பேசுகிறார்கள். மேற்குச் சுவருக்கும் ஏதாவது செய்யணுமா? 9 அங்குலச் செங்கல் சுவர், வெளியே பூச்சு உண்டு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சைட்_இன்ஜினியர்

தம்பி, இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி, ஆனால் ஏன் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார், அது தெரிந்தால்தான் மற்ற விஷயத்திலும் ஏமாற மாட்டீர்கள்.

அந்த வெள்ளிப் பூச்சு அலுமினியம். அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் கான்கிரீட்டைவிட நூறு மடங்குக்கு மேல். அதன் ஒரே குணம், கதிராக வரும் வெப்பத்தில் ஏறக்குறைய 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், தானும் கதிராக வெளியே விடாது. கதிர் வருவதற்கோ போவதற்கோ நடுவில் காலி இடம் வேண்டும் இல்லையா? தளத்தோடு பசை போட்டு ஒட்டி, மறுபக்கம் போர்டையும் அழுத்திவிட்டால் சூடு கையோடு கை மாறுகிற மாதிரி நேராக இறங்கிவிடும், நடுவில் இருக்கும் வெள்ளிக்கு அங்கே வேலையே இல்லை. மிச்சம் இருப்பது அந்த பபுள் ஷீட்டின் 4, 5 மில்லிமீட்டர் கனம் மட்டும்.

இடைவெளி விட்டால் கதை வேறு. கூரையில் சூடு மேலிருந்து கீழே வருகிறது. சூடான காற்று மேலேயே தங்கும், குளிர்ந்தது கீழே கிடக்கும், அதனால் இடைவெளிக்குள் காற்று சுழலாது. மிச்சம் இருக்கும் ஒரே பெரிய வழி கதிர்தான், அதைத்தான் ஃபாயில் அடைக்கிறது. மூடிய 2 அங்குல இடைவெளியில் சுத்தமான ஃபாயில் இருந்தால் ஒரு அங்குலத் தெர்மாகோலைவிடக் கூடுதலாகவே தடுக்கும். ஃபாயில் இல்லாத வெறும் இடைவெளி என்றால் அரை அங்குலத் தெர்மாகோலுக்குக்கூட ஈடாகாது, இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். காற்று நல்ல காப்பு என்று பள்ளியில் படித்தது அசையாத காற்றைப் பற்றி, அதோடு கதிருக்குக் காற்று ஒரு தடையே இல்லை. தெர்மாகோல் என்பதே காற்றைச் சின்னச் சின்ன அறையாக அடைத்து, அசையவும் விடாமல், கதிரையும் மறித்து வைத்ததுதான்.

பளபளப்புப் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படியும், தூசி படிந்தால் வெள்ளி வெள்ளியாக இருக்காது.

ஆனால் என்னைக் கேட்டால் நீங்கள் உள்ளே தொடவே வேண்டாம், வேலையைத் தளத்துக்கு மேலே செய்யுங்கள். உள்ளே என்ன ஒட்டினாலும் அந்தத் தளம் பகலெல்லாம் காய்ந்து விரிந்து, ராத்திரி சுருங்கி, விரிசலும் ஒழுக்கும் தொடர்ந்து வரும். மேலே போட்டால் தளமே சூடாகாது. ஒரு அங்குலத் தெர்மாகோல் செய்யும் வேலையைக் கான்கிரீட் செய்ய வேண்டுமென்றால் மூன்றரை அடிக் கனம் வேண்டும் தம்பி, உங்களுடையது 5 அங்குலம்.

காவிரிக்கரை

சார் சொல்வதை என் அனுபவத்தில் அப்படியே பார்த்தேன். 2019இல் எங்கள் வீட்டில் ஃபாயிலை ஒட்டித்தான் போட்டார்கள், முதல் கோடையிலேயே ஒரு வித்தியாசமும் இல்லை. அப்புறம் போர்டைக் கழற்றி, ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து, 2 அங்குலம் இறக்கி மறுபடி போட்டபோதுதான் ராத்திரி ஏ.சி. நின்று நின்று ஓட ஆரம்பித்தது. இரண்டு கூலி கொடுத்தோம்.

இன்னொன்றும் பட்டுத் தெரிந்தது. பக்கத்து அறையில் தெர்மாகோல் அட்டையைச் சுவரில் புள்ளி புள்ளியாகப் பசை வைத்து ஒட்டினார்கள், பின்னால் அரை அங்குலம் சந்து, மேலேயும் கீழேயும் அதை அடைக்கவில்லை. அறைக் காற்று கீழே நுழைந்து சுவர்ச் சூட்டில் ஏறி மேலே வெளிவருகிறது, அட்டை சும்மா நிற்கிறது. காப்பு அட்டை என்றால் சுவரோடு முழுசாகப் பதியணும், ஓரமெல்லாம் அடைக்கணும். சந்து விட்டால் போதாதற்குக் கரப்பானும் குடிவரும்.

உள்ளே போடுவதாக இருந்தால் தெர்மாகோலை வெறுமனே விடாதீர்கள். பற்றினால் கருகருவென்று புகை. தீ தாங்கும் ரகம் கேட்டு வாங்கி, மேலே ஜிப்சம் மூடியே ஆகணும், லைட்டுக்கு ஓட்டை போடும் இடத்தில் இன்னும் கவனம்.

ரொறன்ரோக்_குளிர்

எங்கட பக்கம் பிரச்சினை தலைகீழ் என்றாலும் இடைவெளி விஷயத்தில் ஒன்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில் நான் பிழை விட்டு நட்டப்பட்டவன். கனடாவில், ஸ்காபரோவில் பழைய வீடு வாங்கி, கூரைக்குள் நானே காப்புப் பஞ்சு அடைத்தேன். கூட அடைத்தால் நல்லது என்று நினைத்து, ஓரத்தில் காற்று நுழைகிற இடத்தையும் சேர்த்து இறுக்கி அடைத்துவிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து மேலே போன ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல், மாசியில் ஏறிப் பார்த்தால் கூரைப் பலகையில் ஆணி முனையெல்லாம் வெள்ளையாகப் பனி. பங்குனியில் அது உருகி மழை மாதிரிச் சொட்டி, பலகையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இங்கே விதிப்படி பஞ்சுக்கும் பலகைக்கும் நடுவில் 63 மில்லிமீட்டர் திறந்த இடைவெளி கட்டாயம். அது சூட்டைத் தடுக்க அல்ல, ஈரத்தைக் கொண்டுபோக.

ஆகவே மூடிய இடைவெளியா, காற்று ஓடும் இடைவெளியா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

உறையூர்_மாடிவீடு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் சொன்னதில்லை. சார், தளத்துக்கு மேலே என்றால் என்ன போடுவது? பழைய சுர்க்கியை எடுக்கணுமா? வெள்ளை பெயின்ட் மட்டும் அடித்தால் போதாதா? தகரக் கூரை போடலாம் என்று தம்பி சொல்கிறான், அதற்கு எவ்வளவு இடைவெளி? சுவரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

பழைய_சைட்_இன்ஜினியர்

ஒவ்வொன்றாக வருகிறேன்.

வெள்ளை பெயின்ட்: முதலில் அதைத்தான் செய்யணும், இன்றே செய்யலாம். வெயில் உள்ளே வருவதற்கு முன்பே திருப்பி அனுப்புவதைவிடச் சிக்கனமானது எதுவும் இல்லை. தெலங்கானா அரசு 2023இல் இதற்கென்றே கூல் ரூஃப் (வெயிலைத் திருப்பும் கூரை) கொள்கையே கொண்டுவந்தது. நம் ஊரில் சித்திரைக்கு முன் சுண்ணாம்பு அடித்ததும் இதேதான். அழுக்குப் படிந்தால் பலன் குறையும், வருடா வருடம் கழுவுங்கள். அம்மா அறைக்கு இந்த மாதமே நிம்மதி கிடைக்க இது ஒன்றுதான் வழி, மற்றதெல்லாம் நாள் பிடிக்கும்.

சுர்க்கி: ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்றீர்களே, அங்கே மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் ஓரளவு காப்பாக இருந்ததே அதன் நுண்துளையில் காற்று இருந்ததால்தான். துளையில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றால், தண்ணீர் காற்றைப்போல இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஒரு இடத்தில் உடைத்துப் பாருங்கள். ஈரமாக, பொடிந்து இருந்தால் முழுசாக எடுத்துவிட்டு, வாட்டர் புரூஃப் செய்து, அதன் மேல் 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். (தண்ணீர் குடிக்காத கெட்டி நுரை) அட்டையை ஒன்றோடொன்று சந்தில்லாமல் பதித்து, மேலே சிமென்ட் தளம், வெள்ளை ஓடு. சாதாரணத் தெர்மாகோல் அங்கே வேண்டாம், தண்ணீர் குடிக்கும். இந்த அடுக்கில் எங்கேயும் இடைவெளி தேவையில்லை. இதைச் செய்தால் உங்கள் தளத்தின் வழியாக இறங்கும் சூடு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். மத்திய அரசின் 2018 வீட்டுக் கட்டட விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு யூ மதிப்பு (சூடு எவ்வளவு எளிதில் கடக்கிறது என்ற அளவு, குறைந்தால் நல்லது) 1.2க்கு மேல் போகக்கூடாது என்கிறது, வெறும் ஆர்.சி.சி. தளம் 3ஐத் தாண்டும், இப்படிப் போட்டால் 0.5 அளவுக்கு இறங்கும்.

தகரக் கூரை: இதுதான் கனடா நண்பர் சொன்ன காற்று ஓடும் இடைவெளி. தகரம் குடை மாதிரி வெயிலை வாங்கிக்கொள்ளும், கீழே காற்று அடித்துக்கொண்டு போகணும். ஆள் நடமாடும் உயரம் விட்டால் துணி காயப்போடவும் ஆகும், நான்கு பக்கமும் திறந்திருக்கணும். சுற்றிச் சுவர் எழுப்பி மூடினால் அது சூளை. தகரத்தின் அடிப்பக்கம் பளபளப்பாக இருந்தால் தளத்தின் மீது கதிர் விழுவது குறையும். காற்றுக்கு நன்றாகக் கட்டணும், நட்டு போல்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். எக்ஸ்.பி.எஸ். போட்டால் தகரம் அவசியமில்லை, இரண்டில் ஒன்று போதும்.

சுவர்: திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். அதனால் கூரைதான் முதல் எதிரி. மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை வாங்கி, 9 அங்குலச் செங்கலைக் கடந்து உள்ளே வருவதற்கு ஆறேழு மணி நேரம் ஆகும், சரியாக அம்மா படுக்கும் நேரம். அந்தச் சுவருக்கு அட்டை ஒட்டுவதைவிட நிழல் கொடுங்கள். வெளியே ஒரு அடி தள்ளிக் கம்பி வலை அடித்துக் கொடி ஏற்றுங்கள், அல்லது ஜன்னலுக்கு மேல் ஓலைத் தட்டி. அந்த ஒரு அடி மேலும் கீழும் திறந்தே இருக்கட்டும்.

புதிதாகக் கட்டுபவர்கள் யாராவது படித்தால்: கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கலைக் குத்தாக வைத்து நடுவில் 3 அங்குலம் வெற்றிடம் விடுவார்கள், செங்கல் கால்பங்கு மிச்சம், சூடும் குறையும். இருக்கிற சுவருக்கு அது பொருந்தாது.

உறையூர்_மாடிவீடு

இன்று காலை ஒரு ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தேன் சார். மழை நின்று ஐந்து வாரம் ஆகிறது, ஜல்லி இன்னும் கைக்கு ஈரம். ஞாயிறு வெள்ளை அடிக்கிறோம், எக்ஸ்.பி.எஸ். தை முடிந்ததும். ஃபாயில்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பழைய_சைட்_இன்ஜினியர்

நல்லது தம்பி. சுர்க்கியை எடுக்கும்போது அதில் இருந்த சரிவும் போய்விடும், அதைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வாட்டர் புரூஃப் போடுவதற்கு முன் பத்து அடிக்கு ஒரு அங்குலமாவது வாட்டம் வைத்து, தண்ணீர் கட்டி இரண்டு நாள் ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் அட்டையைப் பதிக்கணும்.