பழைய பிரின்சஸ் எலிசபெத்: மேசையில் சுற்றுகிறது, தண்டவாளத்தில் இழுக்க மறுக்கிறது

பொன்மலைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் டார்பியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு கார் பூட் சேலில் (காரில் கொண்டுவந்து விற்கும் பழைய பொருள் சந்தை), பழைய தட்டுகளுக்கும் சைக்கிள் டியூப்களுக்கும் நடுவே பச்சை நிற மாடல் ரயில் இன்ஜின் ஒன்று கிடந்தது. 46201, பிரின்சஸ் எலிசபெத். பின்னால் கோக்கும் நிலக்கரிப் பெட்டியான டெண்டரும் இருந்தது. பெட்டி கிழிந்திருந்தாலும் ட்ரை-ஆங் ஹார்ன்பி என்ற மாடல் ரயில் கம்பெனிப் பெயர் தெளிவாகத் தெரிந்தது. 30 பவுண்டு கேட்டார், 22க்குக் கொடுத்தார். இருபது வருஷமாகப் பரணில் கிடந்தது, ஓடுமா என்று தெரியாது என்றும், 1950-இல் வந்த முதல் பதிப்பு இது என்றும் சொன்னார்.

வாங்கியது அப்பாவுக்காக. அவர் 34 வருஷம் பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டர். மீட்டர் கேஜ் வொய்பி, வொய்ஜி நீராவி இன்ஜின்களோடுதான் அவருடைய இளமை முழுக்கப் போனது. நான் இரண்டாவது படிக்கும்போது என் சிலேட்டிலேயே வால்வு கியரை வரைந்து காட்டியிருக்கிறார். டிசம்பரில் இங்கே வருகிறார், வயது 81. அதற்குள் இதை ஓட வைக்க வேண்டும்.

இனி செய்ததைச் சொல்கிறேன். அச்சுகளில் தலைமுடியும் கார்ப்பெட் பஞ்சும் சுற்றியிருந்தன, ஊசியால் எடுத்தேன். பழைய எண்ணெய் பிசின்போல இறுகியிருந்தது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்தேன். அப்புறம் மோட்டாரை முழுக்கச் சுத்தம் செய்யலாம் என்று இரண்டு திருகையும் கழற்றி, காந்தத்தை வெளியே எடுத்து அலமாரியில் வைத்தேன். வேலை இருந்ததால் ஐந்து நாள் கழித்துத்தான் திரும்பப் பூட்டினேன்.

பூட்டியதும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்து மின்சாரம் நின்றுவிட்டது. பிரஷ்ஷை (மோட்டாருக்குள் மின்சாரம் செலுத்தும் கரித்துண்டு) அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு கையில் இருக்க வேண்டிய, மின்சாரம் கடத்தாத சின்ன ஸ்லீவ் கீழே விழுந்து கிடந்ததைக் கண்டுபிடித்து மாட்டினேன், அது சரியாகிவிட்டது. இப்போது மேசையில் வைத்து 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் மோட்டார் படுவேகமாகச் சுற்றுகிறது. தண்டவாளத்தில் வைத்தால் அரை வட்டம் தள்ளாடிப் போகிறது. இரண்டு பெட்டி கோத்தால் நின்றுவிடுகிறது. இரண்டே நிமிடத்தில் தொட முடியாத சூடு, கருகும் வாசனை. முன்னே போகச் சொன்னால் பின்னே போகிறது.

மோட்டார் போய்விட்டதா? முடிந்தவரை அதே மோட்டாரோடு ஓட்டத்தான் ஆசை.

கரித்தூரிகை எழுதியது:

முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் பாகம்) சுருள் கருகிவிட்டால் வேலை பெரிதாகிவிடும்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. அது எக்ஸ்04 மோட்டார். அதன் காந்தம் அல்னிகோ என்ற பழைய உலோகக் கலவை. அந்த வகைக் காந்தத்தை இரும்புத் தகடுகளின் நடுவிலிருந்து வெளியே எடுத்தால் காந்தப் புலம் சுற்றி வர வழி இல்லாமல் வலு இறங்கிவிடும். ஐந்து நாள் இருந்தது காரணமில்லை, எடுத்த அந்த நொடியிலேயே பெரும்பகுதி போயிருக்கும். திரும்ப வைத்தாலும் வராது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு இரும்புத் துண்டை இரண்டு முனைகளையும் பாலம்போல் இணைக்கும்படி ஒட்டவைத்துக்கொண்டே நகர்த்த வேண்டும்.

மேசையில் வேகமாகச் சுற்றுவது நல்ல அறிகுறி என்று நினைத்திருப்பீர்கள், அதுதான் என்னை உறுதியாக்கியது. மோட்டார் சுற்றும்போது தானும் ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும், உள்ளே பாயும் மின்னோட்டத்தை அளவோடு வைப்பது அதுதான். காந்தம் சோர்ந்தால் அந்த எதிர்ப்பும் குறையும். அப்போது சுமை இல்லாவிட்டால் மோட்டார் தறிகெட்டுச் சுற்றும், சுமை வந்தால் மின்சாரத்தைக் குடித்துச் சூடாகும், ஆனால் இழுக்காது. பின்னே போவதற்குக் காரணம் காந்தத்தைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆர்மேச்சர் தப்பித்ததா என்று பார்க்க ஒரு சோதனை. பிரஷ் இரண்டையும் விலக்கிவிட்டு, கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) மூன்று துண்டுகளில் இரண்டிரண்டாக மல்டிமீட்டரை வைத்து ஓம் அளவு பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் சுருள் நலம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சுருள் உள்ளே கருகியிருக்கிறது. துண்டுகளுக்கு நடுவே உள்ள கோடுகளில் கரித்தூள் அடைந்திருக்கும், பல்குச்சியால் எடுத்துவிட்டு அளந்து பாருங்கள்.

மாடிரயில் எழுதியது:

மோட்டாரைப் பற்றி மேலே நண்பர் சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. முதல் பதிப்பு என்ற பேச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1950-இல் இந்தப் பிரின்சஸ் எலிசபெத்தைச் செய்தது ரோவெக்ஸ் கம்பெனி. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் விற்றார்கள். அடுத்த வருஷம் லைன்ஸ் பிரதர்ஸ் ரோவெக்ஸை வாங்கினார்கள், ட்ரை-ஆங் ரயில்கள் அப்படித்தான் பிறந்தன. ட்ரை-ஆங் ஹார்ன்பி என்ற பெயர் 1965-இல்தான் வந்தது. ஆகவே பெட்டியும் இன்ஜினும் ஒன்றாகவே வந்தவை என்றால் உங்களுடையது அதற்குப் பின் வந்தது. வருத்தப்படாதீர்கள், உங்களுக்கு அதுதான் நல்லது. ஆரம்ப கால உடல்களை அசிடேட் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள், வருஷம் போகப் போகச் சுருங்கி வளைந்துவிடும். சேசிஸையும் (அடிச்சட்டம்) ரிவெட் அடித்து மூடியிருப்பார்கள், மோட்டாரைத் தனியாக எடுக்க முடியாது. உங்கள் இன்ஜினைக் கண்ணாடிமேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள், சக்கரங்களுக்கு மேலே நீளவாக்கில் ஓடும் ஓரப் பலகை நேராக இருந்தால் 22 பவுண்டு நியாயமான விலை.

தண்டவாளம் கோடு (Code) 100 தானே? அந்த எண் தண்டவாளத்தின் உயரத்தைக் குறிப்பது. கோடு 75 என்றால் அந்தக் கால சக்கர விளிம்பு ஆழமானது, ஆணித் தலைகளில் தட்டிக்கொண்டே போகும். எக்காரணம் கொண்டும் சக்கரங்களை அச்சிலிருந்து இழுக்காதீர்கள். இடது வலது கிராங்க்குகள் 90 டிகிரி விலகி நிற்பது குலைந்தால் சக்கரங்களை இணைக்கும் ராடு இறுகிவிடும். உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

அவர் ஒன்றைக் கட்டாயம் கேட்பார்: உடலுக்குத் தண்டவாளம் ஒடுக்கமாக இருக்கிறதே என்று. இந்த இன்ஜினின் ஓஓ (OO) ஸ்கேல் 1:76, ஆனால் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி 18.83 வேண்டும். 1:87 அளவான, சற்றுச் சிறிய எச்ஓ (HO) ஸ்கேலின் தண்டவாளத்தின்மேல் பெரிய உடலை ஏற்றிவிட்டார்கள், அது இன்றுவரை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் அவருக்குச் சொல்ல ஒரு செய்தி: நிஜமான பிரின்சஸ் எலிசபெத்தின் முதல் எண் 6201 (46201 பிறகு வந்தது), ஸ்டேனியரின் வடிவமைப்பு, 1933-இல் க்ரூவில் கட்டியது. 1936 நவம்பர் 16 அன்று லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு 401 மைலை எங்கும் நிற்காமல் 5 மணி 53 நிமிடம் 38 வினாடியில் ஓடியது. அது இன்னும் பாதுகாப்பாக இருக்கிறது.

பொன்மலைக்காரன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கோடுகளைச் சுத்தம் செய்து அளந்தேன், மூன்று அளவும் ஒன்றுதான். மூச்சு வந்தது. ஓரப் பலகை நேராக இருக்கிறது. தண்டவாளம் கோடு 100.

இப்போது கேள்வி: காந்தத்துக்கு மறுபடி வலுவேற்றுவதா, அல்லது புதிதாக வரும், வலு கூடிய நியோடைமியம் காந்தத்தைப் போடுவதா?

சிறுதடம் எழுதியது:

தம்பி, இரண்டும் செய்திருக்கிறேன். தினமும் ஓட்டப்போகிற இன்ஜின் என்றால் நியோடைமியம் போடச் சொல்வேன். குறைந்த மின்சாரத்தில், மெதுவாக, அழகாகப் போகும். ஆனால் நீங்கள் அதே மோட்டார் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வலுவேற்றுங்கள். மாடல் ரயில் கண்காட்சிகளில் பழுதுபார்க்கும் கடை ஒன்றாவது இருக்கும், பலரிடம் அந்தக் கருவி உண்டு. காந்தத்தைக் கழற்றாமல், மோட்டாரை முழுதாகப் பூட்டியபடியே கொடுக்க வேண்டும். காந்தத்தை மட்டும் தனியாக வலுவேற்றி, அப்புறம் பூட்டினால் பழைய கதைதான். கொடுக்கும் முன் காந்தத்தைச் சரியான பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள்.

வந்ததும் ஓட்ட அவசரப்படாதீர்கள். இரண்டு முனையிலும் பேரிங்கின் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு இருக்கும், எண்ணெயைப் பிடித்து வைப்பது அது. ஊசி முனையில் ஒரு சொட்டு மெல்லிய மெஷின் ஆயில் அதற்கு, மோட்டார் அச்சில் உள்ள திருகு வடிவ வார்ம் கியருக்குத் துளி கிரீஸ். கம்யூட்டேட்டருக்கு ஒன்றும் வேண்டாம். உடலைப் பூட்டாமல், பெட்டி எதுவும் கோக்காமல், முன்னே பத்து நிமிடம், பின்னே பத்து நிமிடம் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். இடையிடையே விரலால் தொட்டுப் பாருங்கள்.

பொன்மலைக்காரன் எழுதியது:

நேற்று கண்காட்சிக்குப் போய் வந்தேன். கடைக்காரர் கருவியின் இரண்டு முனைகளுக்கு நடுவே மோட்டாரை வைத்தார், டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 5 பவுண்டு. முன்பு மோட்டாரின் பக்கத்தில் கொண்டுபோனால் ஸ்க்ரூடிரைவர் சும்மா இருக்கும், இப்போது கையிலிருந்து இழுக்கிறது.

சொன்னபடியே எண்ணெய் விட்டு, இருபது நிமிடம் ஓட்டி, அப்புறம் உடலைப் பூட்டினேன். நான்கு பெட்டியை இழுக்கிறது. இதமான சூடுதான். முன்னே போகச் சொன்னால் முன்னே போகிறது.

அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு போன் செய்தார். "இடது பக்க ராடு கீழே வரும்போது லேசா உதறுது பாரு, கிராங்க் பின் திருகு தளர்ந்திருக்கும்" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கால் சுற்று தளர்ந்திருந்தது. அதை நான் தொடவில்லை. டிசம்பரில் அவர் வந்து முடுக்கட்டும் என்று வைத்திருக்கிறேன், அதுவரை ஓட்டப்போவதில்லை. அந்தத் திருகுக்குப் பொருந்துகிற சின்ன ஸ்பானர் என்ன அளவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாங்கி வைத்துவிடுகிறேன்.