பந்தயம் கட்டாமல் குதிரை ரேஸ் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்களா?

சைதாப்பேட்டையிலிருந்து:

ரேஸ் என்று வாயெடுத்தாலே வீட்டில் டிப்ஸ், பணம் கட்டும் டோட் கவுண்டர், கடன் என்றுதான் பேச்சு போகும். அதை விடுங்கள். கட்டாமலோ, டீக்காசு அளவுக்கு மட்டும் கட்டிவிட்டோ, சீசன் முழுக்கக் குதிரைகளின் பின்னாலேயே அலைகிறவர்கள் இருந்தால் நேரில் பார்த்ததை எழுதுங்கள். முதலில் நான்.

கிண்டியில் நான் ஸ்டாண்டில் உட்கார்ந்ததே குறைவு. ரேஸுக்கு முன்னால் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக் ஓரம்தான் என் இடம். அங்கே பார்க்க வேண்டியது நடை. முன்கால் பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்கால் விழுந்தால் குதிரை நல்ல தளர்வோடு இருக்கிறது. பின்தொடைகளுக்கு நடுவே வெள்ளையாக நுரைத்திருந்தால் பதற்றம், பாதி சக்தி அங்கேயே போய்விட்டது என்பார்கள்.

அப்படித்தான் ஒரு ஃபில்லி, அதாவது இளம் பெண் குதிரை, கண்ணில் பட்டாள். பெயர் வேண்டாம், உரிமையாளர் வீட்டில் யாராவது படிக்கலாம். முதல் ஓட்டத்தில், ரேஸ் புறப்படும் கேட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்றாள். நாலு பேர் பின்னால் கைகோத்துத் தள்ளியும் அசையவில்லை. கடைசியில் தலையில் துணியை மாட்டி, ஒரு சுற்று சுற்றி, திசை மறந்த நேரத்தில் உள்ளே விட்டார்கள். கேட் திறந்ததும் மூன்று லெங்த் (மூன்று குதிரை நீளம்) பின்தங்கி, வளைவில் கடைசி. ஆனால் நேர்ப்பாதைக்கு வந்ததும் ஜாக்கி சாட்டையை எடுக்காமலே நாலாவதாக வந்தாள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து பேப்பரில் காலைப் பயிற்சி நேரங்களில் அவள் பெயரைத்தான் தேடுவேன். ஆயிரம் மீட்டர் இத்தனை, கடைசி அறுநூறு இத்தனை, பக்கத்தில் ‘எளிதாக’ என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பேன். பிறகு தூரத்தை 1600-க்கு ஏற்றினார்கள், பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் பிளிங்கர் மாட்டினார்கள், ஜெயித்தாள். நான் கட்டவேயில்லை. சந்தோஷத்துக்குக் குறைச்சல் இல்லை.

பெங்களூரிலிருந்து:

அருமை சார். ஆனால் ஒரே ஊரில் உட்கார்ந்தால் பாதிக் கதைதான் தெரியும். நல்ல குதிரை பெரிய பந்தயங்களுக்காக ஊர் ஊராகப் போகும். ஜூலையில் இங்கே பெங்களூர் டெர்பி, செப்டம்பரில் புனேயில் செயின்ட் லெஜர், அக்டோபர் 2 ஹைதராபாத்தில் டெக்கான் டெர்பி, டிசம்பரில் மும்பை மகாலட்சுமியில் கினீஸ், பிப்ரவரி முதல் ஞாயிறு அதே இடத்தில் இந்தியன் டெர்பி. பொங்கலை ஒட்டி உங்கள் கிண்டியிலும் ஒரு டெர்பி நடந்து வந்தது.

வயதுக் கணக்கு புதியவர்களைக் குழப்பும். ரேஸுக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரைக்கு, எந்த மாதம் பிறந்தாலும், நம் நாட்டில் ஜனவரி 1-ல்தான் ஒரு வயது கூடும். அதனால் டிசம்பரில் 1600 மீட்டர் கினீஸ் ஓடும்போது மூன்று, பிப்ரவரியில் இந்தியன் டெர்பியில் 2400 மீட்டர் ஓடும்போது நான்கு. இங்கிலாந்தில் டெர்பியை மூன்று வயதிலேயே ஓட்டிவிடுகிறார்கள். எனக்கு நம் வழக்கம்தான் பிடிக்கிறது, எலும்பு முற்ற இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

நான் பார்க்கிற இடம் எடைக் கருவி. 58 கிலோ சுமக்க வேண்டிய குதிரை என்றால், ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடை வர வேண்டும். குறைந்தால் ஈயத் தகடு. ஒருமுறை ரேஸ் முடிந்து, முகமெல்லாம் மண்ணோடு சேணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார் ஒரு ஜாக்கி. என் பையன் எட்டாவது படிக்கிறான், அவன் உயரம்தான் இருப்பார். முள் நிற்கும் வரை பக்கத்தில் நின்ற டிரெய்னர் மூச்சே விடவில்லை. ஜெயித்த குதிரை அது! ரேஸ் அங்கேதான் முடிகிறது, வெற்றிக் கம்பத்தில் அல்ல.

ஊட்டியிலிருந்து:

சைதாப்பேட்டை அண்ணா, சென்னை வெக்கையில் நமக்கே நுரைக்கும். எங்கள் குளிரில் நுரைத்தால்தான் நம்பலாம்.

முன்பெல்லாம் எங்களுக்கு ஏப்ரல் 14 என்றால் புத்தாண்டும் கோடை ரேஸும் ஒன்றாக வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே மைதானம். மேட்டுச் சாலையில் நின்றால் டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். கேரட் மூட்டை இறக்குகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். 2024 ஜூனில் குத்தகைப் பிரச்சினையில் எங்கள் மைதான நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது, செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கருக்கும் குத்தகை ரத்து. குத்தகை பாக்கியைக் கட்டாததற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் வடியக் குளம் வெட்டுவதும் சரிதான். ஆனால் லாயத்திலேயே பிறந்து வளர்ந்த குதிரைக்காரப் பையன்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ரேஸ் பார்க்க நாங்கள் மைசூர் போகிறோம். சிக்கல் என்னவென்றால், இரவு 9 மணிக்கு, திரும்பும் வழியில் உள்ள பந்திப்பூர் காட்டுச் செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள். அதனால் கடைசி ரேஸை விட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.