கைக்குத்தல் அரிசிக்கு மாறுவது எப்படி?

கேள்வி (கடலூர் முதுநகர்):
வணக்கம். காலையில் பாக்கெட் ரொட்டி, மாலையில் பிஸ்கட் என்று பழகிவிட்ட எங்கள் வீட்டில், இனி இயன்றவரை பதப்படுத்தாத உணவையே உண்ண விரும்புகிறோம். ஆனால் கைக்குத்தல் அரிசிச் சோறு இருமுறையும் விறைப்பாகவே இருந்ததால், பிள்ளைகள் தட்டை ஒதுக்கிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

மறுமொழி (புதுச்சேரி):
அரிசியை முதல் நாள் இரவே ஊற வையுங்கள். தவிடு நீங்காத மணிக்குள் நீர் மெதுவாகத்தான் இறங்கும். தண்ணீரும் சற்றுக் கூடுதலாக வேண்டும். நார்ச்சத்தும் பி1 வைட்டமினும் பெரும்பாலும் அந்தத் தவிட்டில்தான் உள்ளன. தீட்டிய அரிசியையே உண்ட கோழிகளுக்குப் பெரிபெரி (பி1 குறைவால் நரம்புகளைத் தாக்கும் நோய்) போன்ற நோய் வந்ததைக் கண்டறிந்த டச்சு மருத்துவர் ஐக்மன், 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இவ்வரிசி விரைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே மூட்டையாக வாங்க வேண்டாம். (நான் வாங்கி, பாதியைக் கோழிகளுக்குப் போட்டேன்.)

மறுமொழி (பண்ருட்டி):
‘சிறுதானிய பிஸ்கட்’ என்ற பெயரை நம்பாமல், உறையின் பின்புறத்தைப் படியுங்கள். எடையில் மிகுந்த பொருளே பட்டியலில் முதலில் இருக்கும், அது பல நேரங்களில் மைதாவாக இருக்கிறது. மாலையில் அவித்த வேர்க்கடலை கொடுங்கள். பலாச்சுளையும் நல்லதே, ஆனால் சர்க்கரை நோயாளிகள் அளவோடு உண்ண வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றிரவே ஊற வைக்கிறேன். நாளை மத்தி மீன் குழம்பு என்பதால் பிள்ளைகளும் மறுக்கமாட்டார்கள்.